பெயிலாக வேண்டிய பிள்ளை

என் மகள் பரீட்சையில் பெயிலாக வேண்டும் என்று நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்திருக்கிறேன். எந்தத் தாயும் செய்யாத வேண்டுதல்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் பிள்ளை தேற வேண்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு என்ன கேட்டேன் என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எழுதிவிட்டேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும், எனக்குப் பழகிவிட்டது.

நாங்கள் இருப்பது புக்கிட் பெலண்டோக் பக்கம் பனையெண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசியக் குடும்பங்களும் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். எனக்கு செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் தொழிற்சாலை வேன் வரும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். பிள்ளைகள் படிப்பது தோட்டத்து எல்லையில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில். வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தால் பெரிய விஷயம்.

மகள் அப்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். வாய் ஓயாது. யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாமாவின் மோட்டார் ரிப்பேர், எல்லாம் அவளிடம் கேட்டால் தெரியும். வாய் என்னிடமிருந்து வந்தது, அதை நான் மறுக்கவில்லை. பரீட்சைத் தாள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நல்ல மதிப்பெண்தான். கேள்விக்குக் கீழே ஏ, பி, சி, டி என்று நான்கு விடைகள் இருக்கும், சரியானதற்கு வட்டம் போட வேண்டும். மகள் போட்ட வட்டங்கள் அழகாக, கோடு தாண்டாமல் இருக்கும். நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சமையல் செய்துகொண்டிருந்தபோது ஓர் அழைப்பிதழ் வந்தது. என் கையெல்லாம் மீன் மசாலா. மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நிமிர்ந்து நின்று கணீரென்று படித்தாள். எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை காலை, லுக்குட் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை நான் பட்டுச்சேலை கட்டி, வீட்டுக்காரர் வேட்டி கட்டி, குடும்பத்தோடு லுக்குட் போய் இறங்கினால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

"உன் சொந்தக்காரங்க ஒரு மாதிரிதான்லா" என்றார் வீட்டுக்காரர். "கல்யாணத்துக்குக் கூப்புட்டுட்டு மண்டபத்தப் பூட்டிட்டாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பையிலிருந்து அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். கல்யாணம் இல்லை, காதணி விழா. லுக்குட் இல்லை, அம்பாங்கான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சரி. மகளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம் லுக்குட்டில் நடக்கப்போகும் ஒரு கல்யாணத்தைப் பற்றி நானும் பக்கத்து வீட்டு அக்காவும் வாசலில் நின்று பேசினோம். அதைத்தான் அவள் எனக்கு அழைப்பிதழாகப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் ஆடு, மரம், பழம் என்று படம் வரைந்து, கீழே பெயர் எழுதச் சொன்னேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள், "ஏ, பி, சி, டி எங்கம்மா?"

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று வருஷமாக என் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டு, ஓர் எழுத்தும் தெரியாமல் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கும் தெரியவில்லை, பள்ளிக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பு ஆசிரியை நல்ல பெண்மணி. பசியோடு வருகிற பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் நாசிலெமாக் வாங்கிக் கொடுப்பவர். என் மகள் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை.

"டீச்சர், இவளுக்குப் படிக்கத் தெரியல" என்றேன்.

சிரித்தார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நம்ம கிளாஸ்ல நல்லா மார்க் எடுக்குறதே இவதான்."

"மார்க் எடுக்குறா டீச்சர். படிக்கத் தெரியல."

"படிக்கத் தெரியாம எப்படிம்மா மார்க் எடுப்பா?"

அதைக் கேட்கத்தான் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. தனி அறை, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர், நாலைந்து பிள்ளைகள். எழுத்தெழுத்தாகக் கைபிடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் அது மூன்றாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதில் சேர வேண்டுமானால் ஒரு சோதனையில் பிள்ளை பெயிலாக வேண்டும். வேறு வழி கிடையாது. அந்த வருஷம் இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. என் மகள் அதில் பெயிலானால் எழுத்தைப் பிடித்துக்கொள்வாள். தேறிவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷத்திலிருந்து பாடங்கள் அவளை அடித்துக்கொண்டு போய்விடும்.

படிக்கத் தெரியாத பிள்ளை எப்படி மதிப்பெண் வாங்குகிறது என்பதை நான் வீட்டிலேயே கண்டுபிடித்தேன். பழைய பரீட்சைத் தாளை எடுத்து, அவள் வகுப்பில் டீச்சர் செய்வதுபோலவே கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசித்தேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். அடுத்து மலாய் மொழியில் ஒரு அறிவியல் தாள். அதில் பாதிக்கு எனக்கே விடை தெரியாது. சரியாக அந்தப் பாதியை அவளும் தப்பாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிகிறது, எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்கும் தெரியவில்லை.

"எப்படிடா கண்ணு கண்டுபுடிக்கிற?"

"சரியான விடை வர்றப்ப நீங்க கொஞ்சம் நிறுத்துவீங்கம்மா. டீச்சருக்குக் கண்ணு சிரிக்கும்."

"எழுத்தப் பாக்க மாட்டியா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தானம்மா படிக்கிறாங்க?"

அதற்குப் பிறகு நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாசித்துப் பார்த்தேன். முகம் தெரியாமல், குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு. மகள் கூடத்தில் உட்கார்ந்து திணறினாள். ஒன்றுகூடச் சரியில்லை. நான் சந்தோஷத்தில் அழுதேன். இப்படி ஒரு சந்தோஷம் எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம். வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், கதவோடு பேசிக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, கதவுக்குப் பாடம் நடத்துறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக்கூட இல்லை.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பக்குவமாகத்தான் சொல்ல நினைத்தேன், ஆனால் என் வாய்க்குப் பக்குவம் தெரியாதே. "உங்க மூஞ்சியப் பாத்துத்தான் டீச்சர் எழுதுறா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போனது.

"நான் பிள்ளைங்களுக்கு விடை சொல்லிக் குடுக்குறேன்னு சொல்ல வர்றீங்களாம்மா?"

"அய்யோ, அப்படி இல்ல டீச்சர்."

"வேற எப்படிம்மா?"

அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எனக்கும் தெரியும். பிள்ளை சரியான விடையைத் தொட வேண்டும் என்கிற ஆசை முகத்தில் வந்து நின்றால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அதை அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்து, "சோதனைக்கு வெளியிலேருந்து ஒரு அதிகாரி வருவாங்க, அவங்கதான் கேள்வியப் படிப்பாங்க. அப்பத் தெரிஞ்சிரும்" என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முன்பின் தெரியாத முகம். அதில் என் மகள் என்னத்தைக் கண்டுபிடித்துவிடப் போகிறாள்?

எங்கள் தோட்டத்தில் எந்தப் பரீட்சை வந்தாலும் முதல்நாள் சாயங்காலம் கோயிலில் பென்சில் பூசை உண்டு. பிள்ளைகளின் பென்சில், அழிப்பான் எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் போட்டு அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி சந்தனம் தொட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பார். பக்கத்து வீட்டு அக்கா என் மகளின் பென்சிலைத் தானே எடுத்துத் தாம்பாளத்தின் நடுவில் வைத்தார். "நம்ம தோட்டத்துப் பிள்ளைங்கள்ல இவதான் நல்ல மார்க் எடுக்கப் போறா, பாரு" என்றார். அவருடைய மகளும் அதே வகுப்பு, அதே சோதனை. நான் தேங்காயை உடைத்தேன். சமமாக உடைந்தது. நல்ல சகுனம் என்றார்கள். யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "தெரிஞ்சதுக்கு மட்டும் வட்டம் போடு. தெரியாதத அப்படியே விட்டுரு, சரியா?"

"ஒண்ணையும் வெறுமனே விடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"அம்மா சொல்றேன், விட்டுரு."

"அம்மா, நான் பெயில் ஆவணுமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாயால் அதைச் சொல்ல முடியும்? தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, "தூங்கு" என்றேன்.

சோதனை பள்ளி மண்டபத்தில் நடந்தது. நானும் வேறு சில தாய்மார்களும் வெளியே ரம்புத்தான் மரத்தடியில் நின்றிருந்தோம். சன்னல்களின் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்து வைத்திருந்ததால் உள்ளே நன்றாகத் தெரிந்தது. வந்திருந்த அதிகாரி இளம்பெண். மைக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வியையும் ஏ, பி, சி, டி விடைகளையும் ஒரே குரலில் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பில்லை, நிறுத்தமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் புண்ணியம் கிடைக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன். படிக்கத் தெரியுமா என்று பார்க்கிற சோதனையில் எதற்குக் கேள்வியை இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும் என்றும் ஒரு பக்கம் எரிச்சலாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தானாம், எல்லாரும் ஒன்றாக முடிக்க வேண்டுமாம்.

மகள் அதிகாரியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முழித்தாள். முதல் கேள்விக்கு வட்டம் போடவில்லை. இரண்டாவது கேள்விக்கும் போடவில்லை. பிறகு தலையைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பார்த்தாள்.

சுவரோரம் எங்கள் டீச்சர் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல்தான் நின்றார். ஆனால் மனசெல்லாம் பிள்ளைகளிடம் இருந்தது. அதிகாரி ஒவ்வொரு விடையாகப் படிக்கப் படிக்க, சரியானது வரும்போது டீச்சரின் தாடை இத்தனூண்டு மேலே போனது. அவருக்கே அது தெரிந்திருக்காது. மரத்தடியில் நின்ற எனக்குத் தெரிந்தது. என் மகளுக்கும் தெரிந்தது. அவள் குனிந்து வட்டம் போட்டாள். மறுபடி சுவர்ப்பக்கம் பார்த்தாள். மறுபடி வட்டம் போட்டாள். விட்டுப்போன முதல் இரண்டு கேள்விகளுக்கும் கடைசியில் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டாள்.

நான் என்ன செய்ய? டீச்சர், மூஞ்சிய மூடுங்க என்று கத்தவா? உள்ளே ஓடிப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடிக்கவா? செய்திருந்தால் பைத்தியம் என்று பிடித்து வெளியே விட்டிருப்பார்கள், சோதனையும் கெட்டிருக்கும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அக்கா, "பயப்படாதம்மா, உன் மக எழுதிக்கிட்டுத்தான் இருக்கா" என்று என் முதுகைத் தட்டினார்.

மகள் நன்றாகவே தேறினாள். பிள்ளைகள் எல்லாரும் கூடும் சபைகூடலில் மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களாம்மா, சும்மா கவலப்பட்டீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. பழி நீங்கிய சந்தோஷம் அது. அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

தலைமையாசிரியரிடம் போனேன். பொறுமையான மனிதர். முழுக்கக் கேட்டார்.

"நான் எத்தனையோ பெற்றோரப் பாத்திருக்கேன்மா. பிள்ள பெயிலாயிருச்சின்னுதான் வந்து அழுவாங்க. பாஸ் பண்ணிருச்சின்னு அழுவுறது நீங்க ஒருத்தர்தான்."

"ஒரு தாளும் பென்சிலும் குடுத்து, எதையாவது எழுதச் சொல்லிப் பாருங்க சார். இங்கேயே, இப்பவே."

"நான் பாத்து என்னம்மா செய்ய? மேல போறது இந்த மார்க்தான். தேறின பிள்ளைய அந்த வகுப்புல போட எனக்கு அதிகாரமில்ல. இடமும் முடிஞ்சிருச்சி."

முடிந்துபோன இடங்களில் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குக் கிடைத்திருந்தது. கேட்டதும் எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அந்தப் பிள்ளை தினமும் சாயங்காலம் தன் அப்பாவுக்குத் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறவள். மரண அறிவிப்பு வரைக்கும் விடாமல் படிப்பாள். அவள் ஏன் பெயிலானாள் என்று கேட்டேன்.

"மழ வந்தா எதை எடுத்துக்கிட்டுப் போவேன்னு கேட்டாங்க அத்தே. குடைன்னும் இருந்துச்சி, ரெயின்கோட்டுன்னும் இருந்துச்சி. அப்பா மோட்டார்லதான என்னைக் கூட்டிட்டுப் போறாரு, குடைய விரிச்சா பறந்துரும். அதனால ரெயின்கோட்டுக்கு வட்டம் போட்டேன். தப்புன்னுட்டாங்க."

அப்படியே ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்திருக்கிறாள். படித்து, புரிந்து, யோசித்ததால் பெயிலாகிவிட்டாள். மற்ற பிள்ளைகள் குறைநீக்கல் வகுப்பைச் சொல்லிக் கேலி செய்ததில் அவள் பத்திரிகை வாசிப்பதையே நிறுத்திவிட்டாள். அக்கா என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். என் மகள் தேறியதில் எனக்குத் திமிர் என்று நினைத்தாரோ என்னவோ. நான் என்ன சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியும்? இரண்டு பிள்ளைகளையும் இடம் மாற்றி உட்கார வைத்திருந்தால் போதும். அதைச் செய்ய அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

பிறகு நான் வீட்டில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். வேலை முடிந்து வந்த அசதியில் நான் கத்துவேன், அவள் அழுவாள். போர்டிக்சனில் ஒரு டியூஷன் வகுப்பில் சேர்த்தோம். அங்கும் ஏ, பி, சி, டி தாள்களைத்தான் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள். அவளுக்கு அதில் இன்னும் தேர்ச்சி வந்தது. முகம் பார்க்காமலே, எந்த விடை நீளம், கேள்வியில் இருக்கிற சொல்லின் வடிவம் எந்த விடையில் திரும்ப வருகிறது என்று பார்த்து வட்டம் போடக் கற்றுக்கொண்டாள். கட்டுரை எழுதச் சொன்னால் கேள்வியையே பார்த்துப் படம் வரைவதுபோல் எழுதி வைப்பாள். மேலே மேலே அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருஷம் அவள் படிவம் ஒன்று, பள்ளிக்குப் போகத் தொடங்கி ஏழாம் வருஷம். தோட்டத்துக்கு வெளியே பெரிய இடைநிலைப்பள்ளி, எல்லாம் மலாய் மொழியில். ஒரு மலாய் ஆசிரியைதான் முதலில் கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லையே புவான், இத்தனை வருஷம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று மலாயில் கண்டித்தார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. ஒருவராவது கண்டுபிடித்தார்களே என்று பள்ளி வாசலிலேயே நின்று அழுதேன். சிரம்பானில் பெரிய மருத்துவமனையில் இதற்கென்று பரிசோதனை இருக்கிறதாம். பள்ளி எழுதிக் கொடுத்தால் வரிசையில் இடம் கிடைக்கும். பின்தங்கிய மாணவர்களின் பெயர்களோடு மகளின் பெயரையும் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். மகளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். இப்போது அவளுக்கு விவரம் தெரிகிற வயது. "அங்க போனா எழுத்து வந்துருமாம்மா?" என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். அன்றிலிருந்து என்றைக்குப் போகிறோம் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தபோது அந்த ஆசிரியை போன் செய்தார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. நல்ல செய்தியாம். தவணைப் பரீட்சையில் என் மகள் தேறிவிட்டாளாம். தாளெல்லாம் வட்டத்தைக் கருமையாக்குகிற தாள்தான். தேறியவர்களின் பெயரைப் பள்ளி ஆலோசகர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார், மருத்துவமனை இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி கவலை வேண்டாம் என்றார். நீங்கள்தானே டீச்சர், வாசிக்கத் தெரியவில்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆமாம், ஆனால் முன்னேறிவிட்டாள், கடவுளுக்கு நன்றி என்றார். இயந்திரச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிமா காசே சிக்கு", நன்றி டீச்சர் என்று மலாயில் சொல்லி போனை வைத்தேன்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கினால், மகள் சீருடைகூட மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றாள். "பாஸாயிட்டேன்."